பல்லி பேசி முடித்த கலியாணம்

எனக்குக் கலியாணம் பேசி முடித்தது ஒரு பல்லி. சிரிக்கவேண்டாம். தரகர் இல்லை, சாதகம் இல்லை, விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பல்லி. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டில், என் அறையில், நானே விரும்பி வாங்கி வளர்க்கிற பல்லி. எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். அசையாமல் நில்லுங்கள், மூச்சைப் பிடியுங்கள் என்று நாள் முழுக்கச் சொல்வேன். எவ்வளவு பெரிய மனிதரும் கேட்டுக்கொண்டு நிற்பார். வீட்டுக்குள் வந்தால் என் சொல்லை யாரும் சட்டை செய்வதில்லை. பல்லியின் சொல்லுக்கு மட்டும் அங்கே மரியாதை இருந்தது.

அவளுக்கு மகராசி என்று பெயர் வைத்தேன். பகல் பல்லி என்று ஒரு சாதி. நம் ஊர் வீட்டுப் பல்லி பகலில் படத்துக்குப் பின்னால் பதுங்கும். இவள் வெளிச்சம் வந்தால்தான் எழும்புவாள். பூர்வீகம் மடகாஸ்கர் என்றாலும் பிறந்தது குரோய்டனில், பல்லி வளர்க்கிற ஒருவரின் பின்னறையில். அதே குரோய்டனில் ஆறு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விசாவுக்காகப் பெரிய ஒபிஸ் வாசலில் குளிருக்குள் வரிசையில் நின்றவள் நான். மகராசிக்கு அந்தக் கரைச்சல் ஒன்றும் இருக்கவில்லை.

நிறத்தைச் சொல்லவேண்டும். உடம்பு முழுக்கக் கொழுந்து வெற்றிலைப் பச்சை. கழுத்திலும் முதுகின் மேல்பக்கத்திலும் யாரோ தங்கத்தூளை ஊதிவிட்டதுபோலப் பொன்பொட்டுகள். இடுப்புக்கு மேலே மூன்று சிவப்புக் கீறல். கண்ணைச் சுற்றி நீலம், அதுவும் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட பெண்கள் பூசுகிற அதே நீலம். இமை கிடையாது. கண்ணில் தூசி பட்டால் நாக்கை நீட்டித் தானே துடைத்துக்கொள்வாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் வேலைக்குப் போகவேண்டும் என்பதையே மறந்து நின்றேன்.

அவளுக்கு அகலத்தைவிட உயரம் கூடிய கண்ணாடிக்கூடு. உள்ளே மூங்கில் குழாய்கள், ஒரு மருள் செடி, மேலே சூட்டு விளக்கும் யூவி விளக்கும். காலையும் மாலையும் இலைகளில் தண்ணீர் விசிறவேண்டும். கிண்ணத்தில் வைத்தால் தொடமாட்டாள், இலையில் நிற்கிற துளியைத்தான் நக்கிக் குடிப்பாள். குழாய்த் தண்ணீரும் ஆகாது. நம் கேத்திலுக்குள் படிகிற அந்த வெள்ளை அவள் கண்ணாடியிலும் படியும். பல்லிக்கென்றே விற்கிற பழமாவைக் கரைத்துப் போத்தல் மூடியில் வைப்பேன். சின்னச் சின்னப் பூச்சிகளைச் சுண்ணாம்புச் சத்து மாவில் பிரட்டி விடுவேன். எல்லாவற்றையும்விட முக்கியம், அவளைக் கையால் பிடிக்கக்கூடாது. தோல் அவ்வளவு மெல்லியது, இறுக்கிப் பிடித்தால் கையோடு வந்துவிடும். பயந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிடுவாள். பார்க்கலாம், தொட ஏலாது. எனக்கு அவளில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

முதல் கிழமை அம்மா என் அறை வாசலைக்கூட மிதிக்கவில்லை. அம்மாவின் பெயர் தவமலர். அப்பா போன பிறகு நாங்கள் இரண்டுபேர்தான் அந்த வீட்டில். லண்டனில் தனக்குப் பிடித்த ஒரே விஷயம் பல்லி இல்லாததுதான் என்றும், அதையும் பெற்ற மகளே கெடுத்துவிட்டாள் என்றும் போனில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பூச்சிப் பெட்டியை நான் சமையலறையில் வைத்த அன்று என்னோடு பேசவே இல்லை.

அதை மாற்றியது சிவனேஸ்வரி மாமியின் முழங்கால். மாமி அப்பாவின் அக்கா, ஆர்ச்வேயில் இருக்கிறார். ஹைகேற் முருகன் கோயிலில் எந்தத் திருவிழாவுக்கு யார் என்ன சாறி கட்டினார்கள் என்பது முருகனுக்குத் தெரியாவிட்டாலும் மாமிக்குத் தெரியும். முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பயந்து அம்மாவைப் போனில் பிடித்து அழுதுகொண்டிருந்தார். அம்மா போனைக் காதில் வைத்தபடி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து, கண்ணாடிக்கூட்டுக்குக் கிட்டவே நின்று, ஒப்பரேஷன் நல்லபடியாக முடியும், யோசிக்காதையுங்கோ மச்சாள் என்று சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, மகராசி ச்ச், ச்ச் என்றாள்.

அம்மாவின் சுட்டுவிரல் கதவு நிலையில் மூன்று முறை தட்டியது. பல்லி சொன்னால் தட்டவேண்டும்; மூன்று தட்டும் தட்டினால்தான் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை, தும்மலுக்குக் கண் மூடுவதுபோலத் தானாக நடக்கும். அம்மா தன் விரலைத் தானே பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துபோனது. லண்டனுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல், சொல்லுகிற எதற்கும் ஒரு சுவரிலிருந்தும் ஓம் என்று குரல் வந்ததில்லை அவருக்கு. எனக்குத் தெரியும், அம்மாவின் நிழல் விழுந்ததால்தான் மகராசி சத்தம் போட்டாள் என்று. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அதற்காக நான் இப்போது மன்னிப்புக் கேட்கப்போவதும் இல்லை.

மாமியின் முழங்கால் சுகமாகிவிட்டது. அது டொக்டரின் கெட்டித்தனம் என்று யாரும் சொல்லவில்லை. மாமி தடியை ஊன்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் முதலில் பிள்ளையாரிடம் சொன்னார், பிறகு மற்ற எல்லோரிடமும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை தொடங்கிவிட்டது. மகனின் சோதனை, மகளின் விசா, வீடு வாங்கப் போட்ட ஓஃபர், மருமகளின் வயிறு என்று ஆளுக்கொரு கேள்வியோடு வந்தார்கள். வாழைப்பழம், பூ, ஒருத்தர் வடைகூடக் கொண்டுவந்தார். என் கட்டிலில் வரிசையாக இருந்து, ஒவ்வொருவராக எழும்பிக் கண்ணாடிக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்த் தங்கள் காரியத்தைச் சொன்னார்கள். முகம் கிட்ட வந்தால் மகராசி சத்தம் போடாமல் என்ன செய்வாள்? லண்டனில் எல்லாருக்கும் எல்லாம் சரிவரும் என்று அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் வேலைக்குப் போன நேரங்களில்தான் இந்தத் தர்பார். வந்து பார்த்தால் கண்ணாடியில் விபூதி, உள்ளே அழுகிய வாழைப்பழத் துண்டு. ஒருநாள் அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. ஜன்னலைத் திறந்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். சின்ன நெஞ்சுக்கூடு, புகை பட்டால் செத்துப்போகும் என்று அம்மாவிடம் சொன்னேன். இனிச் சாம்பிராணி இல்லை என்று அம்மா ஒத்துக்கொண்டார். ஆட்கள் வருவதை நிறுத்தச் சொன்னபோது, வீடு தேடி வருகிறவர்களை எப்படிப் பிள்ளை போகச் சொல்கிறது என்றார்.

மகராசியின் பச்சை மங்கத் தொடங்கியது. பயமும் அலுப்பும் கூடினால் இந்தப் பல்லிகள் கறுத்துப்போகும். கொழுந்து நிறமாக இருந்தவள் வதங்கிய கீரை நிறத்துக்கு வந்தாள். விளக்கின் கீழே வந்து சூடு காய்வதை நிறுத்தினாள். பழக்கரைசல் மூடியில் அப்படியே காய்ந்து கிடந்தது. மூங்கில் குழாயின் உட்பக்கத்தில் அவள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அழாமல் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன்.

பூட்டுப் போடுவதற்கு முதல்நாள் பின்னேரம் மாமி வந்து ஒரு வேலை பார்த்துவிட்டுப் போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஹரோவில் சுஜீத் என்று ஒருவர், நாற்பத்தொரு வயது, முதல் கலியாணம் சரிவரவில்லை, நல்ல உத்தியோகம், தாய்க்கு ஒரே பிள்ளை. யசோதினிக்கு, அதாவது எனக்கு, இந்த இடம் பொருந்தும் என்று மாமி கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்ல, மகராசி ச்ச், ச்ச் என்றாளாம். அம்மா தட்டினாராம். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள் என்று அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே எனக்கு அறிவித்தார்.

கலியாணம் என்றாலே கசப்பு என்று இருக்கிறவள் இல்லை நான். அந்த சுஜீத் நல்லவரோ கெட்டவரோ எனக்குத் தெரியாது. எனக்கு எரிந்தது வேறு ஒன்றுக்கு. தாயைக் கேட்டார்கள், மாமியைக் கேட்டார்கள், கண்ணாடிக்குள் இருந்த பல்லியையும் கேட்டார்கள். கட்டப்போகிற என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டாம், வரச் சொல்லாதேங்கோ என்று அம்மாவிடம் நேரே சொன்னேன்.

"பல்லி சொல்லிப்போட்டுதே பிள்ளை," என்றார் அம்மா, வானிலை அறிக்கை சொல்வதுபோல.

நான் அவரைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு எட்ட நிற்கவைத்தேன். கோலியர்ஸ் வுட்டிலிருந்து நாளைக்கு ரியூப் ரெயில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் என்று உரத்துச் சொல்லிவிட்டு என் உள்ளங்கையைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோனேன். ச்ச், ச்ச் என்றாள் மகராசி. அம்மாவின் விரல் எழும்பிவிட்டது. அதை மற்றக் கையால் பொத்திப் பிடித்தார்.

"அம்மா, இது ஓமெண்டு சொல்லேல்லை. கிட்ட வராதை, தள்ளிப் போ எண்டுதான் சொல்லுது. இவ்வளவு நாளும் வந்த எல்லாருக்கும் அதைத்தான் சொன்னது," என்றேன்.

அம்மா குனிந்து மகராசியைப் பார்த்தார். கறுத்துப்போனாள் என்ன, என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன். அன்றைக்குப் பின்னேரம் அம்மா மாமிக்குப் போன் எடுத்து, அது பயத்தில்தான் கத்துதாம் என்று சொன்னது கீழே கேட்டது. மாமியிடம் வாதாடி வென்றவர் யாரும் இல்லை. அதுக்கு என்ன தெரியும், அது தன் பாட்டில் கத்தும், தெய்வம் அதன் வாயால் சொல்லும் என்றாராம் மாமி. அம்மா போனை வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு எனக்குக் காலை ஷிப்ட். வேண்டுமென்றே மாற்றிக்கொள்ளாமல் போனேன். பின்னேரம் வீட்டுக் கதவைத் திறந்தபோது முன்னறை நிறைய ஆட்களும் பலகாரமும். சோபாவில் சுஜீத்தின் தாய் பட்டுச்சாறியில். பக்கத்தில் சுஜீத், கழுத்துவரை பட்டன் போட்ட சேட்டில், பல்லுப் பிடுங்கக் காத்திருக்கிறவரைப்போல இருந்தார். அம்மா ஓரக் கதிரையில். ஜன்னலுக்குக் கிட்ட, தேத்தண்ணி மேசைக்கு மேலே, மகராசியின் கண்ணாடிக்கூடு.

என் அறைப் பூட்டைக் கழற்றியிருந்தார்கள். மாமியின் மகன் நிருஜன்தான் கூட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாராம். ஏன் என்று நான் கேட்பதற்கு முன்பே மாமி விளக்கம் சொன்னார். பஞ்சாங்கத்தின்படி பல்லி கிழக்குப் பக்கம் இருந்து சொன்னால்தான் விசேஷமாம். என் அறை மேற்கிலாம். போனில் திசை பார்த்து, இந்த மூலைதான் கிழக்கு என்று பிடித்து, மாப்பிளை வீட்டார் காதாலும் ஒருமுறை கேட்டுவிடட்டும் என்று வைத்திருக்கிறார்.

விளக்குகளின் வயர் கழற்றப்பட்டுத் தொங்கியது. நான் குனிந்து பார்த்தேன். மகராசி கூட்டின் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள், கறுத்து, அரைவாசியாகி. அரைவாசி என்று சொல்வது கோபத்தில் இல்லை. வால் இல்லை. வால் கீழே பாசியில் கிடந்தது, இன்னும் பச்சையாக.

மாமி அதையும் பார்த்திருந்தார். "யோசியாதை பிள்ளை, வால் விழுந்ததோட உனக்கும் மாப்பிளைக்கும் இருந்த கண்ணூறு கழிஞ்சுது," என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மேசையைப் பலகாரத்தோடு கவிழ்த்திருப்பேன், அதன் மேல் மகராசி இல்லாவிட்டால். ஜக்கெற்றைக் கழற்றவில்லை, சப்பாத்தையும் கழற்றவில்லை. வயரை எடுத்துச் சுவரில் குத்தி விளக்கைப் போட்டேன். சுஜீத் மட்டும் கூட்டை எட்டிப் பார்த்து, வால் திரும்ப முளைக்குமா என்று என்னிடம் கேட்டார். அந்த வீட்டில் அன்று பல்லியைப் பற்றிப் பல்லிக்காகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. முளைக்கும், ஆனால் பழைய நிறம் வராது என்றேன். பாவம் என்றார். நல்ல மனுஷன்தான் என்று எனக்குப் பட்டது. அதனால் என் முடிவு மாறவில்லை.

வெளிச்சம் வந்துவிட்டது, இனிச் சொல்லும் என்று மாமி எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். சுஜீத்தின் தாய் எழும்பிக் கூட்டுக்கு முன்னால் வந்து, கையைக் கூப்பி, என் மகனுக்கு இந்தப் பிள்ளை பொருத்தமா தாயே என்று கேட்டார். எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். மகராசி அசையவில்லை. அவளுக்கு இனித் தள்ளிப் போ என்று சொல்லக்கூடத் தெம்பு இல்லை. சுஜீத்தின் தாய் இரண்டாம் முறையும் கேட்டார். வெளியே ஒரு பஸ் போன சத்தம்தான் கேட்டது.

மாமிக்குப் பொறுக்கவில்லை. எழும்பி வந்து, மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியில் டக் டக்கென்று தட்டினார். உள்ளே மகராசி துடித்து விழுந்து, எழும்பி, மூங்கிலுக்குப் பின்னால் ஓடினாள். மூன்றாம் தட்டுக்கு மாமியின் விரல் கண்ணாடியைத் தொடமுதல் நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் சிவனேஸ்வரி மாமியின் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. அம்மா கதிரையில் நிமிர்ந்தார். விடு பிள்ளை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கூட்டுக்குள் கிடந்த வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மாமியின் கையை மெதுவாக அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கூட்டுக்கும் ஆட்களுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"மாமி, இனி அதைக் கேளாதேங்கோ. அது ஒரு சின்னச் சீவன். பயத்தில வாலை விட்டுட்டு நிக்குது. உங்களுக்கு ஓமெண்டோ இல்லையெண்டோ கேக்கவேணுமெண்டால் என்னைக் கேளுங்கோ. எனக்கு வாய் இருக்கு."

யாரும் கேட்கவில்லை. அவ்வளவு சொல்லியும் ஒருத்தருக்கும் என்னைக் கேட்கத் தோன்றவில்லை. சரி, கேளாமலே சொல்லவேண்டியதுதான்.

"எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். சுஜீத்தில ஒரு பிழையும் இல்லை. எனக்கு வேண்டாம். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து, நன்றாக எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, நானே சொன்னேன்: ச்ச், ச்ச்.

சுஜீத் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோளில் தெரிந்தது. அந்த நேரத்தில் கதிரைப் பக்கமிருந்து டொக், டொக் என்று கேட்டது. அம்மாவின் சுட்டுவிரல் கதிரைக் கையில் தட்டிவிட்டது, எப்போதும்போல, அவரைக் கேளாமலே. இரண்டு தட்டோடு அம்மா விழித்துக்கொண்டார். விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது.

தவமலர், என்றார் மாமி, எச்சரிக்கிற குரலில்.

அம்மா மாமியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் கறுத்துப்போய் நின்றவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, பார்வையை எடுக்காமல், மூன்றாவது தட்டைத் தானே தட்டினார்.